விருந்தும் கடனும்: டிக்கன்ஸ் கேளாத கேள்வி

விருந்து என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். முன்பின் அறியாதவராய்ப் புதிதாக வந்து வாயிலில் நிற்பவரே விருந்தினர். உற்றாருக்கும் நண்பருக்கும் இலை போடுவது அன்பு. ஊரும் பேரும் தெரியாதவருக்கு இலை போடுவதே விருந்தோம்பல். கடன் என்னும் சொல்லுக்கோ இரு பொருள் உண்டு. செய்தே தீரவேண்டிய கடமையையும் அது குறிக்கும். பெற்றதைத் திருப்பித் தரவேண்டிய பொறுப்பையும் அது குறிக்கும். விருந்தும் கடனும் அருகருகே நிற்கும் இடம் ஒன்று ஆல்ப்ஸ் மலையில் இருக்கிறது. ஆங்கில நாவல் ஒன்று அவ்விடத்தைத் தன் நடுக்களமாகக் கொண்டிருக்கிறது. அந்த நாவலையும் அந்த இடத்தையும் சேர்த்துப் படித்தால், மலை இல்லங்களின் எரிபொருளையும் உணவையும் பற்றி இன்று எழுந்துள்ள பேச்சுக்குக் கிறிஸ்தவப் பார்வை எதுவாக இருக்கவேண்டும் என்பது தெளிவாகும்.

இடம், சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தையும் இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கையும் இணைக்கும் பெரிய புனித பெர்நார்து கணவாய். உயரம் 2,469 மீட்டர். ஆவோஸ்தா மறைமாவட்டத்தின் தலைமைத் திருத்தொண்டராக விளங்கிய புனித பெர்நார்து, 11-ஆம் நூற்றாண்டின் நடுவில், ஏறத்தாழ 1050-ஆம் ஆண்டளவில், அங்கே வழிப்போக்கருக்காக ஓர் இல்லம் நிறுவினார். பனிப்புயலுக்கும் வழிப்பறிக்கும் அஞ்சி மலை கடந்தோருக்கு அது புகலிடமாயிற்று. புனித அகுஸ்தீனின் ஒழுங்கைக் கைக்கொண்ட துறவுக் குருக்கள் இன்றுவரை அதைப் பேணி வருகின்றனர். நம் மொழியில் அதற்குப் பொருந்தும் சொல் சத்திரம் என்பதே. மலையேறுவதில் பெருவிருப்பம் கொண்டிருந்த திருத்தந்தை பதினோராம் பத்திநாதர், 1923-இல் இப்புனிதரை மலைவாழ்வோருக்கும் மலையேறுவோருக்கும் பாதுகாவலராக அறிவித்தார்.

அவ்வில்லத்தின் விருதுவாக்கு இலத்தீனில் அமைந்தது. இங்கே கிறிஸ்து வணங்கப்பெறுகிறார், உணவூட்டவும் பெறுகிறார் என்பது அதன் கருத்து. வணக்கத்தையும் உணவையும் ஒரே வரியில் வைத்தது தற்செயலன்று. மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் பசித்தவராகவும் அன்னியராகவும் வருபவர் ஆண்டவரே என்றால், கோவிலுக்கு ஆகும் அதே கவனம் சமையற்கட்டுக்கும் ஆகவேண்டும். பீடத்தில் வைக்கும் அப்பம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் திருச்சபை, பந்தியில் வைக்கும் அப்பம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டாக வேண்டும். அடுப்பில் எரிவது எது, அதைச் சுமந்து வந்தவர் யார் என்றும் கேட்டாக வேண்டும்.

நாவலாசிரியரின் கண்

நாவல், சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘லிட்டில் டாரிட்’. 1855 முதல் 1857 வரை மாதந்தோறும் பகுதி பகுதியாக வெளிவந்தது. கடனைப் பற்றி எழுந்த பெருநாவல்களுள் இதுவும் ஒன்று. இலண்டனிலிருந்த மார்ஷல்சி என்னும் கடனாளிச் சிறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டிருக்கும் வில்லியம் டாரிட், அச்சிறையிலேயே பிறந்த அவருடைய இளைய மகள் ஏமி ஆகியோரின் கதை இது. டிக்கன்சின் தந்தையே 1824-இல் அச்சிறையில் அடைக்கப்பட்டவர். அவர் கொடுக்கவேண்டியிருந்த 40 பவுண்டு 10 ஷில்லிங், ஒரு ரொட்டிக் கடைக்காரருக்கு உரியது. உண்ட ரொட்டிக்குக் காசு தரமுடியாத குடும்பத்தின் அவமானத்தைப் பன்னிரண்டு வயதில் சுமந்தவர் எழுதிய நாவல் என்பதை நினைவிற்கொண்டு இதைப் படிக்கவேண்டும்.

நாவலுக்கு இரண்டு பாகங்கள். முதற்பாகத்தின் பெயர் ‘வறுமை’. இரண்டாம் பாகத்தின் பெயர் ‘செல்வம்’. எதிர்பாராத சொத்து கைக்கு வந்து சிறையினின்று வெளியேறும் டாரிட் குடும்பத்தை, ‘செல்வம்’ என்னும் பாகத்தின் முதல் அத்தியாயத்திலேயே டிக்கன்ஸ் பெரிய புனித பெர்நார்து மலைச் சத்திரத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார். செல்வத்தின் கதையை அரண்மனையிலோ விடுதியிலோ தொடங்காமல், வழிப்போக்கருக்காக எழுந்த அறச்சாலையில் தொடங்கியது அவருடைய கலைநுட்பம். காசுக் கணக்கில் சிறைப்பட்டவர், காசுக் கணக்குக்காக எழாத கூரையின்கீழ் முதன்முதலாகச் செல்வராக உட்காருகிறார்.

அத்தியாயம் திராட்சை அறுவடையோடு தொடங்குகிறது. பள்ளத்தாக்கெங்கும் கூடைகள், தொட்டிகள், பழுத்த கனியின் மணம். இத்தனை வளமிருந்தும் அவ்வூர்த் திராட்சைமது இனிமையற்றுக் கடுப்பாக இருப்பதையும் ஆசிரியர் குறிப்பிடத் தவறவில்லை. பின்னர்க் கோவேறு கழுதைகள் மலையேறுகின்றன. இருள் சூழ்கிறது. சத்திரத்தின் வாயிற்படியில் உருகிய பனிச்சேற்றில் கழுதைகளும் ஆட்களும் நெருக்கியடித்து நிற்கின்றனர். மதுப் பீப்பாய்கள், பாலாடைக்கட்டிகள், தேனும் வெண்ணெயும் நிறைந்த சிறு மிடாக்கள், வைக்கோற் கட்டுகள் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கின்றன. உணவு மலையேறி வந்த பாட்டை டிக்கன்ஸ் கண்டிருக்கிறார். ஆனால் ஒரு வாக்கியத்தில் கண்டுவிட்டு, கனவான்களோடு மாடியேறிவிடுகிறார்.

மாடியில் அடுப்பருகே மூன்று குழுவினர் இராவுணவுக்குக் காத்திருக்கின்றனர். பேச்சற்ற பசியோடு உட்கார்ந்திருக்கும் செருமானிய ஆசிரியரும், அவரைப் போலவே பசித்திருக்கும் மூன்று மாணவர்களும் நகைச்சுவைக்காக நிற்கின்றனர். டாரிட் குடும்பத்தின் வேலையாட்கள் அதே கூரையின்கீழ் வேறெங்கோ தங்கவைக்கப்பட்டுள்ளனர். இவ்வளவு சிறிய இடத்தில் அடைபட்டு வாழ்வது எப்படி என்று டாரிட் இளந்துறவியிடம் பெருமிதத்தோடு கேட்கிறார். தாங்கள் அடைபட்டு வாழ்ந்து பழகாதவராதலால் அப்படித் தோன்றுகிறது என்று துறவி பணிவாக விடை கூறுகிறார். இருபது ஆண்டுச் சிறைவாசத்தை மறைக்கும் மனிதனின் முகம் அப்பொழுது எப்படி இருந்திருக்கும்! நாவலின் மிகச் சிறந்த முரண் இது.

ஆயினும் குறை ஒன்றுண்டு. கடனைப் பற்றி இவ்வளவு அறிந்த ஆசிரியர், அந்த அறையில் எரியும் தீ யாருக்குக் கடன் என்று கேட்கவில்லை. அந்த உயரத்தில் மரமே முளைப்பதில்லை. ஆல்ப்ஸ் மலையில் காடு ஏறத்தாழ 2,000 மீட்டர் அளவிலேயே நின்றுவிடுகிறது. அதற்கு மேல் புல்லும் பாறையும் பனியுமே. எனில் அடுப்பில் எரிந்த கட்டை எங்கிருந்து வந்தது?

விறகின் வழி

19-ஆம் நூற்றாண்டின் பயண வழிகாட்டி நூல்கள் இதற்கு விடை தருகின்றன. ஃபெரே பள்ளத்தாக்கின் காட்டிலிருந்து பல மணிநேர வழி விறகு சுமந்து வந்தனர். கோடைக்காலத்தின் மூன்று மாதங்களும் ஏறத்தாழ 20 குதிரைகளுக்கு அதுவே வேலை. எஞ்சிய ஒன்பது மாதக் குளிருக்கும் அந்த மூன்று மாத உழைப்பே ஆதாரம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவாதலால் தண்ணீர் ஏறத்தாழ 92 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ஆகவே இறைச்சியும் தானியமும் வேக நெடுநேரமாகும். விறகும் மிகுதியாகச் செலவாகும். நம் அடுக்களையில் அரைமணியில் வேகும் பருப்பு, அங்கே பொழுதை விழுங்கும். ஆக, அங்கே பரிமாறப்பட்ட ஒவ்வொரு கிண்ணக் கஞ்சிக்கும் பின்னால் ஒரு மரமும் ஒரு விலங்கும் ஒரு மனிதனும் நின்றனர்.

விலங்கைப் பற்றி உலகம் வேறொரு கதை பேசுகிறது. கழுத்தில் சிறு பீப்பாய் தொங்க, பனியில் புதைந்தோரைத் தேடிச் செல்லும் பெர்நார்து நாயை அறியாதவர் இல்லை. அந்தப் பீப்பாயைப் புகழ்பெறச் செய்தது எட்வின் லான்ட்சீர் 1820-இல் தீட்டிய ஓவியம். அது கற்பனையே என்பது ஆய்ந்தோர் முடிவு. சத்திரத்தின் பழங்குறிப்புகளிலோ நாய்க்கு இன்னொரு வேலையும் சொல்லப்படுகிறது. 1708-இல் சமையற்கட்டில் ஒரு சக்கரம் அமைத்து, அதனுள் நாயை நடக்கவிட்டு, இறைச்சி வாட்டும் கம்பியைச் சுழற்றினர். வீரனாக நாம் போற்றும் நாய், எரிசக்தியாகவும் இருந்திருக்கிறது. ஓவியர் வீரத்தைத் தீட்டினார், சமையற்கட்டைத் தீட்டவில்லை. கலை பெரும்பாலும் வாயிலில் நிற்கும் மீட்பரைப் பார்க்கிறது. அடுக்களையில் சுழலும் உழைப்பாளியைப் பார்ப்பதில்லை.

மனிதரைப் பற்றியும் சொல்லவேண்டும். டிக்கன்ஸ் 1846-இல் லொசான் நகரில் தங்கியிருந்தபோது இச்சத்திரத்திற்கு நேரில் சென்றார். தம் நண்பர் ஜான் பார்ஸ்டருக்கு எழுதிய மடலில், துறவியரைக் கடுமையாகச் சாடினார். அவர்கள் சோம்பேறிகள், வெளியே செல்ல விரும்பாதவர்கள், வழியைச் சீர்செய்ய வேலையாட்களை வைத்திருப்பவர்கள், விடுதி நடத்திப் பொருள் சேர்ப்பவர்கள் என்பது அவர் கூற்று. இச்சாடலை நாம் சினந்து ஒதுக்கத் தேவையில்லை. ஓரிரவு தங்கிய ஒருவரின் சொல்லைக் கொண்டு ஒன்பது நூற்றாண்டுப் பணியை எடைபோட முடியாது; பனியில் உயிர்நீத்த துறவியரும் உண்டு. ஆனால் அவர் கண்ட ஒன்று உண்மை. பனியில் வழிகாட்டியும் தேடியும் உழைத்தோரில் பெரும்பகுதியினர் மரோனியே என்று அழைக்கப்பட்ட பொதுநிலைப் பணியாளர்கள். புனிதர்களின் பெயர்கள் வழிபாட்டு நாட்காட்டியில் நிற்கின்றன. நாய்களுள் ஒன்றான பாரியின் பெயர் உலகமெங்கும் அறியப்பட்டிருக்கிறது. விறகு சுமந்தவரின் பெயரோ எங்கும் பேசப்படவில்லை.

துறவியர் உழைக்கவில்லை என்று குறைகூறிய டிக்கன்ஸ், உழைத்தவர்களுக்குத் தம் நாவலில் பெயர் தந்திருக்கலாம். தரவில்லை. ஆகவே அவருடைய குற்றச்சாட்டு அவர்மீதே பாதி திரும்புகிறது.

ஒரு படையின் பற்றுச்சீட்டு

அம்மலையின் விருந்தோம்பலுக்குப் பெருஞ்சோதனை 1800-ஆம் ஆண்டு மே மாதத்தில் வந்தது. நெப்போலியன் ஏறக்குறைய 40,000 வீரருடன் இத்தாலிமீது படையெடுக்க இக்கணவாயைக் கடந்தார். வீரர்களுக்குச் சத்திரத்தில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மதுவும் வழங்கப்பட்டன. அடிவாரச் சிற்றூரான பூர்க்-சேன்-பியேர் தன்னிடமிருந்த அனைத்தையும் கொடுத்தது. பீரங்கிக் குழல்களை இழுத்துச் செல்ல மரங்களை வெட்டி, குடைந்து தொட்டிலாக்கினர். கோவேறு கழுதைகளையும் சமையற் கொப்பரைகளையும் கொண்டுபோயினர். எல்லாவற்றிற்கும் ஈடு தருவதாக நெப்போலியன் எழுதிக் கொடுத்தார். அந்த வாக்கு நிறைவேறவில்லை. தலைமுறை தலைமுறையாக அச்சிற்றூர் அந்தக் காகிதத்தை மறக்காமல் கேட்டுக்கொண்டேயிருந்தது. 1984-இல்தான் பிரெஞ்சு அதிபர் மித்தரான் அடையாள அளவில் அதைத் தீர்த்துவைத்தார்.

இந்நிகழ்ச்சியை வேடிக்கைச் செய்தியாகப் பயண நூல்கள் கூறும். நமக்கோ இது உவமைபோல் நிற்கிறது. படை ஒரு வாரத்தில் மலையைக் கடந்துவிட்டது. வெட்டிய மரம் அந்தக் குளிர்நாட்டில் மீண்டும் அந்த அளவுக்கு வளர ஒரு மனிதனின் ஆயுளும் போதாது. உண்டவன் புகழோடு போனான். ஊட்டியவன் கடன்பத்திரத்தோடு நின்றான். காடும் ஊரும் தந்ததைப் பெற்றுக்கொண்டு, பிறகு தருவேன் என்று எழுதிவைத்துவிட்டுப் போவது நெப்போலியனோடு முடிந்துவிடவில்லை. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிக்கும் நம் தலைமுறையும் ஒரு படையே. பின்வருவோர் பெயரில் நாம் எழுதிவைக்கும் பற்றுச்சீட்டுக்கு அடையாளப் பணம் கட்ட எந்த அதிபரும் வரமாட்டார்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015-இல் ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில் சூழலியல் கடன் என்னும் சொல்லைத் தெரிந்தே கையாண்டார். வளமிக்க நாடுகள் ஏழை நாடுகளுக்குப் பட்ட கடன் அது. உணவை வீணாக்குவது ஏழையின் பந்தியிலிருந்து திருடுவதற்கு ஒப்பாகும் என்றும், விளக்கணைப்பதும் அளவறிந்து சமைப்பதும் போன்ற சிறு செயல்கள்கூட அன்பின் செயல்கள் என்றும் அதே மடல் கற்பிக்கிறது. உணவுக்கு முன்னும் பின்னும் நன்றி மன்றாட்டுச் சொல்லும் வழக்கத்தை மீட்டெடுக்கவும் அது அழைக்கிறது. இவற்றைத் தனித்தனி அறிவுரைகளாகக் கேட்டால் பழகிய சொற்களாகவே தோன்றும். கடன் என்னும் ஒரே நூலில் கோத்துப் பார்த்தால்தான் அவற்றின் கண்டிப்பு விளங்கும். நன்றி மன்றாட்டு என்பது உண்டவன் தன் கடனை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம். ஆண்டவர் கற்பித்த செபத்தில் நாம் குற்றங்கள் என்று சொல்லுமிடத்தில், மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலம் கடன்கள் என்றே சொல்கிறது.

சேமிப்பா, விருந்தா?

இன்றைய நிலைக்கு வருவோம். 1964-இல் கணவாய்க்கு அடியில் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அதுமுதல் பிழைப்புக்காக மலை கடப்போர் சத்திரத்தின் வழியே வரத் தேவையில்லை. இன்று அங்கே செல்வோர், அமைதியும் செபமும் மலைக்காட்சியும் நாடிச் செல்வோர். ஆண்டின் பாதிக்கு மேல் சாலை பனியால் மூடிக்கிடக்கும். அக்காலத்தில் பனிமேல் நடந்தோ சறுக்குக்கட்டை மாட்டியோதான் செல்லமுடியும். முன்பு தேவை மனிதரை அங்கே தள்ளியது. இன்று விருப்பம் இழுக்கிறது. இந்த மாற்றம் சிறிதன்று. உயிருக்குப் போராடி வந்தவனிடம் நீ எவ்வளவு விறகு செலவழித்தாய் என்று கேட்பது கொடுமை. விரும்பி வந்தவனிடம் அக்கேள்வியைக் கேட்காமலிருப்பது பொறுப்பின்மை.

மலை இல்லங்களுக்கு இன்று பொறியியல் கைகொடுக்கிறது. அச்சத்திரத்திற்குச் செல்லும் அதே சாலையோரத்தில், 1,810 மீட்டர் உயரத்திலுள்ள தூல் நீர்த்தேக்கத்தின்மேல் 2019-இல் சூரிய ஒளித் தகடுகள் மிதக்கவிடப்பட்டன. அவை இருபுறமும் ஒளியை ஏற்பவை. உயர்மலையில் காற்று தெளிவு. குளிரில் தகடுகளின் திறன் கூடுகிறது. பனிப்பரப்பு ஒளியைத் திருப்பியனுப்புகிறது. ஆகவே சமவெளி மூடுபனியில் கிடக்கும் குளிர்காலத்திலும் மலைமேல் மின்சாரம் கிடைக்கிறது. ஒரு காலத்தில் இருபது குதிரைகளால் இழுக்கப்பட்ட வெப்பத்தை இன்று ஒளியினின்றே பெறலாம். நெப்போலியனுக்கு மரங்களைக் கொடுத்து ஏமாந்த அதே ஊரின் எல்லையில் இம்முயற்சி நடப்பது சிந்தனைக்குரியது. திருச்சபையும் இவ்வழியில் பின்தங்கவில்லை. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் காலத்தில், 2008-இல், வத்திக்கானின் ஆறாம் பவுல் அரங்கக் கூரைமேல் ஏறத்தாழ 2,400 சூரிய ஒளித் தகடுகள் பொருத்தப்பட்டன.

ஆனால் தகடு பொருத்தியதோடு கடன் தீர்ந்துவிடாது. சுவிட்சர்லாந்தின் மலையேறுவோர் சங்கம், மோந்தே ரோசா மலைச்சரிவில் 2,883 மீட்டர் உயரத்தில் ஒரு தங்குமனையை 2009-இல் திறந்தது. சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் துணையோடு எழுந்த அந்த மனை, தனக்கு வேண்டிய ஆற்றலில் 90 விழுக்காட்டைத் தானே பெறுவதை இலக்காகக் கொண்டது. அதன் புகழே அதற்குச் சோதனையாயிற்று. எதிர்பார்த்ததைவிட மிகுதியாக மக்கள் திரண்டபோது, தண்ணீரும் கழிவுநீர்த் தூய்மிப்பும் ஆற்றலும் போட்ட கணக்குக்குள் அடங்கவில்லை. எந்த இயந்திரமும் விருந்தினரின் பசிக்கு எல்லை வகுக்காது. அந்த எல்லையை விருந்தினரே வகுத்துக்கொள்ள வேண்டும்.

உணவிலும் இதே உண்மை நிற்கிறது. வாலே மாநிலத்து மக்கள் கோதுமை விளையாத உயரங்களில் ரை என்னும் தானியத்தைப் பயிரிட்டனர். ஊர்ப் பொது அடுப்பை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே மூட்டி, மாதக்கணக்கில் கெடாத கருநிற ரொட்டியைச் சுட்டு வைத்துக்கொண்டனர். வீட்டுக்கு ஓர் அடுப்பு என்றால் காடு தாங்காது. ஆகவே ஊருக்கு ஓர் அடுப்பு. அந்த ரொட்டிக்கு 2004-இல் சட்டப்படியான பிறப்பிடக் காப்பு வழங்கப்பட்டது. இன்று அதை நகரத்தார் நலவுணவாக வாங்கியுண்கின்றனர். ஆனால் அதன் பிறப்பு நலவாழ்வு நாட்டத்தில் அன்று. விறகுப் பஞ்சத்தில், பகிர்ந்து வாழும் கட்டாயத்தில். மலை இல்லம் ஒன்று பக்கத்துப் பள்ளத்தாக்கின் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் பந்தியில் வைக்கும்போது, அது சுவைக்காக மட்டும் அன்று; அந்த உழவரின் வாழ்வுக்குத் தான் பட்ட கடனைத் திருப்புவதற்காகவும்தான். சனவரி மாதத்தில் பனிமலை உச்சியில் புதுத் தக்காளி கேட்கும் விருந்தினர், டாரிட் அமர்ந்த அதே நாற்காலியில் அமர்கிறார். தமக்கு வேண்டியது எங்கிருந்தோ வந்துவிடும் என்பதே அவருடைய செல்வம்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். சிக்கனம் பேசும் இல்லம் விருந்தோம்பும் இல்லமாகுமா? வந்தவருக்கு வயிறார இடுவதன்றோ அறம்? வெந்நீருக்கும் விளக்குக்கும் கணக்குப் பார்க்கும் கை, நாளை ஏழைக்கு இடும் கவளத்துக்கும் கணக்குப் பார்க்காதா? இந்த ஐயத்தில் நியாயம் உண்டு. பசுமையின் பெயரால் கட்டணத்தை உயர்த்தி, வசதியுள்ளோருக்கு மட்டும் கதவு திறக்கும் தங்குமனைகள் பெருகிவரும் காலம் இது. அங்கே சூரிய ஒளித் தகடும் ஒரு விளம்பரப் பலகையே. இயற்கையோடு இயைந்த உணவு என்பதும் விலைப்பட்டியலின் ஒரு வரியே. ஏழை நுழைய முடியாத வீட்டை எவ்வளவு தூய ஆற்றலால் ஏற்றினாலும் அது கிறிஸ்தவச் சத்திரம் ஆகாது.

ஆனால் பெரிய புனித பெர்நார்தின் வரலாறு இத்தடைக்கு விடை தருகிறது. அக்கதவைப் பூட்டுவதில்லை என்பது அவ்வில்லத்தின் மரபு. பழைய நாளில் அங்கே உணவுக்கும் படுக்கைக்கும் விலை கேட்கப்படவில்லை; காணிக்கைப் பெட்டி ஒன்று இருந்தது. வசதியுள்ளோர் விடுதிக்குத் தருவதைவிடக் குறையாமல் அதில் இடவேண்டும் என்று பழைய வழிகாட்டி நூல்கள் பயணிகளுக்கு நினைவூட்டின. இல்லாதவர் ஒன்றும் இடாமல் சென்றனர். உள்ளவன் இட்டது இல்லாதவனின் கஞ்சியாயிற்று. மூன்று மாதத்தில் சேர்த்த விறகை ஒன்பது மாதத்துக்குப் பிரித்துக் காத்தது கருமித்தனத்தால் அன்று. பிப்ரவரி மாதப் பனிப்புயலில் வரப்போகும் ஒருவருக்கும் தீ இருக்கவேண்டுமே என்னும் கவலையால். செப்டம்பரில் வந்தவர் மிகையாக எரித்தால், பிப்ரவரியில் வருபவர் குளிரில் சாவார். ஆகவே அங்கே சிக்கனம் விருந்தோம்பலின் பகை அன்று. இன்னும் வராத விருந்தினரையும் விருந்தினராக மதிப்பதே அது. விருந்து என்றால் புதியவர் என்றோம். நாளை பிறக்கப்போகும் பிள்ளையைவிடப் புதியவர் யார்?

இதை மெய்ப்பிக்க அவ்வில்லத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. 1817 முதல் அங்கே வெப்பநிலையும் வானிலையும் நாள்தோறும் குறித்து வைக்கப்பட்டு வருகின்றன. அத்தொடர்ப் பதிவு ஐரோப்பிய மலைகளின் மிக நீண்ட பதிவுகளுள் ஒன்று. செபமணி தவறாதது போலவே வெப்பமானியைப் பார்ப்பதும் அத்துறவியரிடம் வழிவழி வந்தது. உள்ளதை உள்ளவாறு எழுதிவைத்த அந்த ஏடுகள், மலை வெப்பமாகி வருவதை இன்று அறிவியலாருக்கு எடுத்துரைக்கின்றன. சுற்றிலும் பனியாறுகள் சுருங்குகின்றன. சிறிய இல்லம் ஒன்று விளக்கணைப்பதால் உலகம் குளிர்ந்துவிடாது என்பது உண்மையே. ஆனால் இருநூறு ஆண்டுகளாக உலகின் காய்ச்சலை அளந்து வந்த வீடு, அக்காய்ச்சலுக்குத் தன் பங்கைச் சேர்ப்பது தகாது என்று எண்ணுவதும் உண்மைக்குச் செய்யும் மரியாதையே.

ஆகவே ஒரு மலை இல்லம் கிறிஸ்தவ இல்லமா என்று அளக்க மூன்று கேள்விகள் போதும். இங்கே எரிவதும் உண்பதும் எங்கிருந்து வருகின்றன என்று விருந்தினருக்குத் தெரிகிறதா? சுமந்தவருக்கும் விளைவித்தவருக்கும் உரியது கிடைக்கிறதா? கையில் ஒன்றுமில்லாதவருக்கும், இன்னும் வராதவருக்கும் இங்கே இடமும் தீயும் எஞ்சியிருக்கின்றனவா? முதல் கேள்வி உண்மையைப் பற்றியது, இரண்டாவது நீதியைப் பற்றியது, மூன்றாவது அன்பைப் பற்றியது. தகடுகளும் உள்ளூர் உணவும் இம்மூன்றுக்கும் தொண்டு செய்யும்போதே பொருள் பெறுகின்றன. நம் மறைமாவட்டங்களின் தியான இல்லங்களில் மூன்று நாள் அமைதிக்காகத் தங்கும் நாமும், புறப்படும் முன் ஒருமுறை சமையற்கட்டுக்குள் எட்டிப்பார்த்து இக்கேள்விகளைக் கேட்கலாம்.

நாவலுக்குத் திரும்பினால், அத்தியாயத்தின் இறுதியில் பிளாண்டுவா என்னும் கயவன் விருந்தினர் பதிவேட்டைப் புரட்டி, டாரிட் குடும்பத்தின் பெயர்களைப் படிக்கிறான். தன் பெயரையும் அதில் எழுதுகிறான். உண்டவர் பெயரெல்லாம் ஏட்டில் இருக்கிறது. அதே இரவில், மயங்கி விழுந்த அறிமுகமற்ற பெண்ணொருத்தியைத் தேடிச் சென்று அருகிருந்து பார்க்கிறாள் ஏமி டாரிட். செல்வம் வந்த பிறகும் கடன் மறவாதவள் அக்குடும்பத்தில் அவள் ஒருத்தியே. டிக்கன்ஸ் விறகைப் பற்றிக் கேட்கவில்லை. ஆயினும் அக்கேள்வியைக் கேட்கத்தக்க ஒருத்தியை அந்தச் சத்திரத்தில் படைத்து வைத்தார். அதற்காக அவரை மன்னிக்கலாம். அவருடைய நாவலை நம் மக்கள் மீண்டும் எடுத்துப் படிக்கலாம்.